எல்லையில் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியர்கள் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை பெறுகின்றனர். அதிலுள்ள எண்ணே ஒருவரைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லிவிடும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் காட்டும். ஈப்போவுக்கு அருகிலுள்ள லகாட்டில் பிறந்தவருக்குப் பொதுவாக அவ்விடத்தில் 08 என்றிருக்கும். அது பேராக் மாநிலத்தின் குறியீடு. இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெருவிரல் ரேகையோ அட்டையின் சில்லுக்குள் இருக்கிறது. சொந்தக் குடிமக்களிடமே இவ்வளவு கேட்கும் அரசாங்கங்கள், வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் இன்னும் கூடுதலாகக் கேட்கின்றன. எதையெல்லாம் கேட்கலாம், பெற்ற பதிலை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவை நெடுங்காலமாக விவாதிக்கப்படுகின்றன.

இந்த விவாதத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வாலில் குடியேறியிருந்த ஆசியர்கள் அனைவரும் பெயரைப் பதிந்து, கைரேகை கொடுக்க வேண்டும் என்று 1906ஆம் ஆண்டில் ஒரு சட்டம் முன்வைக்கப்பட்டது. எட்டு வயதுச் சிறுவர்களும் இதற்கு விலக்கில்லை. பதிவுச் சான்றிதழைக் காவலர் எங்கும் கேட்கலாம். அக்காலத்தில் பத்து விரல் ரேகையும் குற்றவாளிகளிடமிருந்தே பெறப்பட்டு வந்ததால், மக்கள் இதனைப் பெரும் அவமானமாகக் கருதினர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் காந்தியடிகளும் மற்றவர்களும் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி, இச்சட்டத்துக்குப் பணிவதில்லை என உறுதி பூண்டனர். 1908இல் தம்பி நாயுடு உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் கொப்பரையிலிட்டுக் கொளுத்தப்பட்டன. இடையில் ஓர் உடன்பாடு ஏற்பட்டபோது காந்தியடிகள் தம் கைரேகையைத் தாமே முன்வந்து கொடுத்தார் என்பது பலர் அறியாத செய்தி. அவர் எதிர்த்தது கட்டாயத்தை.

மலாயாவில் அடையாள அட்டை அவசரகாலத்தில் வந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள், பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையை வைத்திருக்க வேண்டியதாயிற்று. லகாட் போன்ற ஈயச் சுரங்க ஊர்களுக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்களுக்கும் இது பொருந்தியது. அதுவரை தோட்டத் தொழிலாளியின் பெயர் கிராணியின் செக்ரோலில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடுவார். இப்போதோ சாலைச் சோதனையில் படையினரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அதே அட்டைகளைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். அட்டை இருந்தால் ஒரு தரப்புக்கு அச்சம், இல்லாவிட்டால் மறு தரப்புக்கு அச்சம் என்ற நிலையில்தான் பலர் பால்வெட்டுக்குப் போய் வந்தனர்.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அட்டை மட்டும் தொடர்ந்தது. குடிமக்களுக்கு நீல அட்டையும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் வழங்கப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என 1968இல் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்ததும், பல்லாண்டுகளாக இங்குப் பால் வெட்டி வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். பாதுகாப்புக்காகத் தொடங்கிய அட்டையின் நிறம், பின்னர் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே தீர்மானித்தது.

இன்று வெளிநாட்டுப் பயணிகளிடம் மலேசியாவும் பல செய்திகளைக் கேட்கிறது. 2011 முதல் நுழைவாயில்களில் அவர்களின் சுட்டுவிரல் ரேகைகள் பதிவாகின்றன. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து பெரும்பாலான பயணிகள் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். கடப்பிதழ் எண், கைப்பேசி எண், தங்குமிட முகவரி முதலியவை அதில் கேட்கப்படுகின்றன. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. பொய்க் கடப்பிதழில் வருவோரையும், ஆள்கடத்தும் கும்பல்களையும் கண்டுபிடிக்கக் குடிநுழைவுத் துறைக்கு இவை உதவும். ஆயினும் களைத்துப்போய் வரிசையில் நிற்கும் பயணியால் ‘இதை ஏன் கேட்கிறீர்கள்?’ என்று கேட்க முடிவதில்லை. கேட்டால் நுழைவு மறுக்கப்படுமோ என்ற அச்சம்! மேலும், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வங்கி, கடை, நிறுவனம் போன்றவற்றைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது.

மலேசியர்களும் பிற நாடுகளுக்குச் செல்லும்போது இதே வரிசையில்தான் நிற்கின்றனர். ஜப்பான் 2007 முதல் வெளிநாட்டவரிடம் கைரேகை பெறுகிறது. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்போர், ஐந்தாண்டுகளில் தாம் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் எழுத வேண்டும் என்ற நடைமுறை 2019இல் வந்தது. பதினைந்து வயதில் நண்பனோடு விளையாட்டாகப் பேசியதும், இருபது வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஓர் அதிகாரியின் பார்வைக்கு வரலாம். அவ்வாண்டின் இறுதியில் ஆவணப்படக் கலைஞர்களின் அமைப்புகள் இரண்டு இந்நடைமுறையை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றத்தை நாடின. விசா கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சி, வெளிநாட்டுக் கலைஞர்கள் தம் கருத்துகளை எழுதாமலே விட்டுவிடுகின்றனர் என்பது அவ்வமைப்புகளின் வாதம்.