மோட்டார் வண்டியின் நிலையுயரத்தைச் சீர்செய்தல்

சில மோட்டார் வண்டிகளில் அதிர்வுதாங்கியும் அதனைச் சூழ்ந்த சுருள்வில்லும் ஒரே உறுப்பாக அமைந்திருக்கும். இதனைக் ‘காயில்ஓவர்’ என்பர். அதிர்வுதாங்கியின் புறத்தே வெட்டிய மரையில், வில்லின் அடியைத் தாங்கும் வளையம் பொருந்தியிருக்கும். வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்தி, பூட்டு வளையத்தைத் தளர்த்தித் தாங்கு வளையத்தைக் கீழே திருகினால் வண்டி தாழும். மேலே திருகினால் உயரும்.

மரையிடைத் தொலைவு 2 மில்லிமீட்டராயின், ஒரு சுற்றுக்கு வளையம் அவ்வளவே நகரும். ஆனால் அவ்வுறுப்பு சக்கரக் கரத்தின் நடுவில் பொருந்தியிருப்பின், வண்டியின் உயரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மாறும். நெம்புகோல் தத்துவமே இதற்குக் காரணம்.

பூட்டு வளையத்தை இறுக்கி வண்டியை இறக்கியவுடன் அளத்தல் கூடாது. சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு நிற்பதால் அளவு பிழைபடும். சிறிது தூரம் உருட்டியபின், சமதளத்தில், ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டின் விளிம்புவரை அளத்தல் வேண்டும். ஒரு மூலை மட்டும் உயர்ந்திருப்பின், ஒரு கால் நீண்ட நாற்காலியைப்போல், அம்மூலையும் அதன் எதிர்மூலையும் மிகுந்த எடையைத் தாங்கும்; பிரேக்கை அழுத்துங்கால் வண்டி ஒருபுறம் இழுக்கக்கூடும். அளவிற்கு மீறித் தாழ்த்தினாலோ, வில் சுருங்க இடமின்றி, மேடுபள்ளங்களில் வண்டி அடிபடும்.

உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் திசையும், முகப்பு விளக்குகளின் நோக்கும் மாறக்கூடும். அவற்றையும் சரிபார்த்த பின்னரே வண்டியைச் சாலையில் செலுத்துதல் வேண்டும்.