எங்களைப் பற்றிய படங்களை நாங்கள் பார்க்கும்போது

நடிகை சிம்ரன் இரண்டு தடவை ஈழத்துக் கதைக்குள் வந்திருக்கிறார். 2002இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், இராமேஸ்வரம் அகதி முகாமில் பிறந்து அநாதரவாய் விடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் தமிழ்நாட்டுத் தாய். 2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில், கணவனோடும் இரண்டு ஆண்பிள்ளைகளோடும் இரவில் வள்ளமேறி அதே இராமேஸ்வரக் கரையில் இறங்கும் ஈழத்துத் தாய். புதியதை யாழ்ப்பாணத்தில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த கிழமையே பழையதையும் வீட்டில் போட்டுப் பார்த்தோம். அம்மா, நான், மகன், மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம்.

எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில் இருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். படம் பார்க்க வெளிக்கிட்டால் அரை நாள் அதற்கே போய்விடும். அதனால் எங்கள் ஊரில் இப்போது அநேகமான படங்கள் வீட்டு ரீவியிலும் கைத்தொலைபேசியிலும்தான். ஆனால் எங்களைப் பற்றிய படம் என்றால் அம்மா தியேட்டருக்கு வருவா. முழங்கால் நோவைக்கூடப் பாராமல் வந்தா.

'டூரிஸ்ட் ஃபேமிலி' அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் இயக்குநரின் முதல் படம். பொருளாதார நெருக்கடியில் நாட்டை விட்டு வெளியேறும் தர்மதாஸ் குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ்கிறது. வாயைத் திறந்தால் பேச்சுக் காட்டிக் கொடுத்துவிடும், ஆகவே அயலவரோடு பேச வேண்டாம் என்று அவர்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார்கள். தர்மதாஸால் அது முடியவில்லை. அவர் எல்லோரோடும் பேசுகிறார், எல்லோருக்கும் உதவுகிறார்.

அந்தத் தெருவில் ஒரு முதிய பெண் இறந்துபோக, தர்மதாஸ் முன்னின்று அயலைக் கூட்டி வழியனுப்பும் பகுதிதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர். எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் அப்படித்தான். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. தேத்தண்ணியும் சாப்பாடும் பக்கத்து வீடுகளில் இருந்து வரும். ஏழு வருடம் பேசாமல் இருந்தவனும் வந்து பந்தலுக்குக் கம்பு பிடிப்பான். அதை யாரும் எழுதி வைத்துச் சொல்லித் தருவதில்லை. தர்மதாஸாக வரும் சசிகுமார் அந்தக் காட்சியில் நடிக்கிறார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்குப் படம் முழுதாகப் பிடிக்கவில்லை. "உதில வாற பிள்ளையளைப் பாத்தா கடல் கடந்து வந்த பிள்ளையள் மாதிரித் தெரியேல்லை, உடுப்பு மடிப்புக்கூடக் குலையேல்லை" என்றா. சொல்ல அவவுக்கு உரிமை இருக்கிறது. 1980களில் அவவின் தம்பி உட்பட எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பேர் அந்தக் கடலைத் தாண்டினவர்கள். தோய்ந்து நனைந்து, வாந்தி எடுத்து, கரையில் கால் வைத்தபோது நிற்க முடியாமல் விழுந்த கதைகளை அவ கேட்டிருக்கிறா.

மகன் விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மம்மா, எங்கட ஆக்கள் ஒருத்தற்ற கையிலயும் துவக்கு இல்லை. அதைப் பாருங்கோ."

அவன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியப் படங்களில் ஈழத்தவர் வந்தால் ஒன்றில் ஆயுதத்தோடு வருவார், அல்லது கண்ணீரோடு வருவார். சமைக்கிற, சண்டை பிடிக்கிற, பகிடி விடுகிற, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிற ஒரு சாதாரண ஆளாக வருவது அபூர்வம். 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு எங்கள் ஊரில் கிடைத்த அன்புக்குக் காரணம் அதுதான். கதையில் நம்ப முடியாத இடங்கள் எத்தனையோ இருந்தும் நான் அதை மன்னிக்கிறேன்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வெளியானது 2002 பெப்ரவரி 14. எட்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த நேரத்தில் இங்கே அதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் படமாக இருக்கவில்லை. இப்போது மறுபடி பார்க்கும்போதும் கடைசிக் காட்சி என்னை உலுக்கியது. வளர்ப்பு மகள் அமுதா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள், பெற்ற தாய் ஷியாமாவிடம் பதில் இல்லை. அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும். ஆனால் ஷியாமா யார்? போராளியாக அவள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறாள், யாரோடு சிரிக்கிறாள்? படத்துக்கு அது தெரியாது. சென்னையில் இருந்து வந்த குடும்பத்தின் கண்ணால்தான் நாங்கள் தெரிகிறோம். எங்கள் மண்ணாகக் காட்டப்படும் இடங்களும் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. போர்க்காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் படம் முடிந்ததும் முதலில் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள். 2000ஆம் ஆண்டு வந்த 'தெனாலி'யில் கமல் ஹாசன் பேசிய யாழ்ப்பாணத் தமிழை இன்றைக்கும் சிலாகிப்பவர்கள் இருக்கிறார்கள். உழைத்துப் பேசியிருக்கிறார், சந்தேகமில்லை. எனக்கிருக்கும் மனக்குறை அதற்குப் பிறகு வந்தவர்கள் மேல். தாத்தாவும் பேரனும், ஆசிரியரும் கடற்தொழிலாளியும், எல்லோரும் ஒரே இழுவையில், ஒரே வேகத்தில் பேசுகிறார்கள். வடமராட்சிப் பேச்சு வேறு, தீவுப்பகுதிப் பேச்சு வேறு. அதைவிட, இன்றைய எங்கள் பிள்ளைகள் விஜய் படமும் இந்திய ரீவியும் பார்த்து வளர்ந்தவர்கள். என் மகன் கோபம் வந்தால் ஒரு விதமாகவும் கூட்டாளிகளோடு வேறு விதமாகவும் பேசுவான். அந்தக் கலப்பை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

படத்தோடு எங்கள் ஊருக்கு உள்ள உறவு பழையது. எம்.ஜி.ஆர். படம் வெளியானால் வள்ளத்தில் வேதாரணியம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின ஆட்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி கப்பல் 1938இலேயே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போயிருக்கிறது. அப்படிப்பட்ட கடலோடிகளுக்குப் பாக்கு நீரிணை ஒரு தூரமா?

1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைச் சனம் காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் போடுவார்கள். பொருளாதாரத் தடையால் எரிபொருள் விலை நெருப்பாய்க் கொதித்த காலம். உச்சக்கட்டத்தில் ஜெனரேற்றர் நின்றுவிட்டால், பார்த்தவரைக்கும் வைத்து முடிவைத் தாங்களே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் சனத்தின் விமர்சன அறிவு அங்கேதான் வளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

வீட்டில் பார்த்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'தீபன்'. ஜாக் ஒடியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் படம். 2015இல் கான் விழாவின் உயர் விருதான தங்கப்பனை பெற்றது. நாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, இறந்துபோன குடும்பத்தின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். தொடக்கத்தில் அந்தப் பெண், யாழினி, முகாமில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்றைத் தேடி அலைவதைப் பார்த்து அம்மா கதிரையை விட்டு எழும்பிப் போய்விட்டா.

அந்தப் பொய்க் குடும்பம் மெல்ல மெல்ல மெய்க் குடும்பமாகும் நடுப்பகுதிக்கு ஈடாக எங்களைப் பற்றி எடுத்த வேறெந்தப் படத்தையும் சொல்லமாட்டேன். முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தீபன் மறுபடி ஆயுதம் தூக்குகிறான், அதன்பின் இங்கிலாந்தில் நல்வாழ்வு. ஆயுதத்தை விட்டுத் தப்பி வந்தவன் கதையை ஆயுதத்தாலேயே முடித்தது அநியாயம்.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) பற்றி இங்கே அதிகம் பேர் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மலையகத்துக்குச் சுற்றுலா வரும் ஒரு மலையாளத் தம்பதியின் பொருட்கள் திருட்டுப் போகின்றன. பழி தோட்டத்துத் தமிழர் மேல் விழுகிறது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் விளங்கும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' சொல்லாமல் விட்ட பாதியை இந்தப் படம் சொல்கிறது: நாட்டை விட்டுப் போக வழியில்லாதவனுக்கு என்ன நடந்தது என்பதை.

சரி, எங்கள் கதையை நாங்கள் எடுக்கவில்லையா? எடுத்தோம். தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்திலேயே 'பொன்மணி'யை எடுத்தார், சாதியையும் சீதனத்தையும் பற்றி. செங்கை ஆழியானின் நாவல் 1978இல் 'வாடைக்காற்று' என்ற படமானது, கடற்தொழிலாளர் வாழ்க்கை அது. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டதோடு, வளரத் தொடங்கிய ஒரு தொழில் முறிந்து விழுந்தது. இப்போது திரும்பவும் இளையவர்கள் கமராவோடு திரிகிறார்கள். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது.

அவர்களின் படங்களில் குறை இருக்கிறது: ஒலி சரியில்லை, நீளம் கூட, சிலர் தமிழ்நாட்டுச் சண்டைக்காட்சியை அப்படியே கொண்டுவந்து பனங்காணிக்குள் வைக்கிறார்கள். ஆனாலும் ரிக்கெற் எடுத்துப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் திருவிழாவுக்கு வரும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிழையை இயக்குநரிடமே நேரில் சொல்லுங்கள், யாழ்ப்பாணத்தில் அது இன்னும் முடியும்.