நாற்றைக் கொல்லும் மண் கிருமி! கடற்பாசி பாட்டில் காப்பாற்றுமா?

காஞ்சீபுரம்.

கத்தரி விதை முளைத்து பத்து நாள்கூட ஆகவில்லை. சாயங்காலம் பச்சைப்பசேல் என்று நின்ற நாற்று, விடிந்து பார்த்தால் தரையோடு சாய்ந்து கிடக்கிறது!

"விதை டூப்ளிகேட்" என்று கடையில் தகராறு. "எவனோ மருந்தை ஊத்திட்டான்" என்று பக்கத்து நிலத்துக்காரர் மேல் சந்தேகம். ஆனால் உண்மையான குற்றவாளி இருப்பது மண்ணுக்குள்ளே!

நாற்று சாய்ந்தால் நஷ்டம் விவசாயிக்கு மட்டும் இல்லை. ராஜாஜி மார்க்கெட்டுக்கு மூட்டை குறையும். பை எடுத்துப் போகிற நமக்கு விலை ஏறும்.

குற்றவாளி யார்?

முதல் ஆள் 'பித்தியம்' என்ற பூசணக் கிருமி. மண்ணை ஒட்டிய இடத்தில் நாற்றின் தண்டை அழுக வைக்கும். இதுதான் நாற்றழுகல் நோய். கூட்டாளிகளும் உண்டு. 'பியூசேரியம்' செடிக்குள் தண்ணீர் ஏறும் பாதையை அடைத்து வாட வைக்கும். 'ரைசோக்டோனியா' வேரை அழுக வைக்கும். செடி செத்தாலும் இவை சாகாமல் மண்ணில் பதுங்கி இருக்கும். இலை மேல் மருந்து அடித்தால் இவற்றை எட்டாது.

இதற்குத்தான் இப்போது கடைகளில் கடற்பாசிச் சாறு பாட்டில் பாட்டிலாக விற்கிறது.

மண்டபத்துச் சரக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பம் கட்டி 'கப்பாபைகஸ்' என்ற பாசியைக் கடலில் வளர்க்கிறார்கள். இந்தத் தொழிலில் பெண்கள் ஏராளம். 45 நாளில் அறுவடை. பச்சைப் பாசியைப் பிழிந்தால் பயிருக்குச் சாறு. மிச்சமுள்ள சக்கையில் இருந்து ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் 'காராஜீனன்'. இப்படி ஒரே பாசியில் இரண்டையும் எடுக்கும் முறைக்கு, குஜராத் மாநிலம் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிலையம் 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

தடுப்பூசி மாதிரி

சாறு கிருமியை நேராகக் கொல்வதை நம்பி இருக்க முடியாது. அதில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் பட்டதும், "எதிரி வந்துட்டான்" என்று செடி உஷாராகிறது. தன் எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்கிறது. வேரும் நன்றாக ஓடுகிறது.

கரி அழுகல் பூசணம் தாக்கிய தக்காளிச் செடியில் பவநகர் விஞ்ஞானிகள் இதைச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்ப்பு சக்தி கூடியது. கனடாவில் வெள்ளரிச் செடியில் வேறு ஒரு பாசிச் சாற்றைக் கொடுத்தபோது நோய் குறைந்ததாக 2011-ல் தகவல் வந்தது. நோய் குறைந்ததே தவிர, அடியோடு ஒழியவில்லை. கண்ணாடிக் குடிலில் கிடைத்த பலன் வயலிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பாட்டிலில் பித்தலாட்டம்!

இந்த மாதிரிச் சரக்குக்கு 'பயோ ஸ்டிமுலன்ட்' என்று பெயர். 2021 பிப்ரவரியில்தான் இது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. அதுவரை கேட்பாரில்லை. சுமார் 30 ஆயிரம் சரக்குகள் இப்படி விற்கப்பட்டு வந்தன என்றும், கெடுபிடிக்குப் பிறகு அது 650 அளவுக்குக் குறைந்தது என்றும் மத்திய வேளாண் மந்திரி சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் சொன்னார்.

இன்னொரு விஷயம். ஊக்கி என்று பதிவான பாட்டிலை "பூசணத்தைக் கொல்லும் மருந்து" என்று விற்கக்கூடாது. அதற்கு 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். "ஒரே சொட்டில் வாடல் போச்சு" என்று எழுதியிருந்தால், அந்த பாட்டிலைத் தொடாதீர்கள்!

என்ன செய்யலாம்?

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி செலவு குறைவு. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் 'டிரைக்கோடெர்மா விரிடி' கலந்து விதையுங்கள். நிலத்துக்கு ஏக்கருக்கு 1 கிலோ வீதம் மக்கிய தொழு உரத்தோடு கலந்து போடுங்கள். மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணீர் தேங்காமல் பாருங்கள். நெருக்கி விதைக்காதீர்கள். கத்தரி போட்ட இடத்தில் மறுபடி கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம். இத்தனையும் செய்துவிட்டு, மேலே ஒரு டானிக்காகக் கடற்பாசிச் சாறு தெளிக்கலாம். தவறில்லை.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

ஜரிகையை உரசிப் பார்த்துப் புடவை வாங்குகிற ஊர் இது. பாட்டிலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?