முந்திக்கொண்டு மனுப் போடலாமா?

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் பிறந்தால் போதும். பள்ளி இறுதி வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்.

"கல்லூரிக்கு இப்போதே மனுப் போடுவதா? ஜனவரி வரை பொறுப்பதா?"

பெயர் பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைப்பது அங்கே குதிரைக் கொம்பு! 100 பேர் மனுப் போட்டால், 10 பேருக்குக்கூட இடம் தராத கல்லூரிகள் உண்டு.

இரண்டு கெடு

இந்தக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு கெடு உண்டு. ஜனவரி தொடக்கத்தில் முடிவது பொதுக் கெடு. நவம்பர் 1-ந் தேதியை ஒட்டி வருவது முன் கெடு.

முந்தியவர்களுக்கு டிசம்பரிலேயே முடிவு தெரிந்துவிடும். மற்றவர்கள் மார்ச் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

முந்தினால் லாபமா? லாபம்தான். "சாட்" என்ற நுழைவுத் தேர்வில் சுமார் 100 மார்க் கூடுதலாக வாங்குவதற்கு அது சமம் என்று, 2003-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நூல் கணக்கிட்டது.

பிறகு ஏன் தயக்கம்?

கையெழுத்துப் போட்டால்...

பிரவுன், கொலம்பியா, கார்னெல் பல்கலைக் கழகங்களில் முன் மனு என்பது ஓர் ஒப்பந்தம். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேரவேண்டும். மற்ற மனுக்களை வாபஸ் வாங்க வேண்டும்.

பணக்காரருக்கு இது பெரிதல்ல. நடுத்தரக் குடும்பத்துக்கோ சோதனை! நாலு கல்லூரியில் இடம் கிடைத்தால், எது அதிக உதவிப் பணம் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றுக்கே வாக்குக் கொடுத்தபின் எதை ஒப்பிடுவது?

உதவிப் பணம் போதாவிட்டால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனால், வேறு கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது நிச்சயம் அல்ல.

வசதி உள்ளவர்களுக்கே முன் மனு சாதகம் என்று கூறி, ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் அதைக் கைவிட முடிவு செய்தன. 2011-ல் மீண்டும் கொண்டுவந்தன. ஆனால், அங்கே இடம் கிடைத்தாலும் சேர்ந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் கணக்கு

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்க்கும் வசதியை, 2011 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. வீட்டு வருமானத்தைப் போட்டால் உத்தேசத் தொகை தெரியும்.

பிள்ளைக்கு அந்தக் கல்லூரிதான் வேண்டுமா? அந்தத் தொகை வீட்டுக்குக் கட்டுமா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் முந்தலாம்.

ஒன்றில் சந்தேகம் இருந்தாலும், ஜனவரி வரை பொறுப்பதே நல்லது!