வீட்டோடு இருக்கும் நாட்களில் குடும்பத்தின் மகிழ்ச்சி



சென்ற மாதம் நம் பகுதியில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை கண்டது. விசாரிக்கப் போனபோது ஒரு தாய் வாசலில் நின்றபடியே கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்க பாய், சரி. இதுங்களை எத்தனை நாளைக்கு நாலு சுவத்துக்குள்ள வெச்சிருக்கிறது? சின்னது அழுவுது, பெரியவன் போனைக் கீழ வெக்க மாட்டேங்கிறான்."

இதே கேள்வியை 2020-இல் வேறொரு சகோதரி கேட்டார். அந்த ஆண்டு மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூட்டை கட்டி வீடு வீடாகக் கொடுத்து வந்தோம். மூட்டையை வாங்கிக்கொண்ட அந்தச் சகோதரி, "அரிசி வந்துடுச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா எம்பொண்ணு வாசப்படி தாண்டி இருபது நாளாச்சு பாய்" என்றார். நாங்கள் வயிற்றுக்கு மட்டுமே கணக்குப் போட்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பின் நம் குடும்பங்கள் தாங்களாகவே கண்டுகொண்ட பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் வெளியே வரலாம், யார் வரக்கூடாது?

நம்மில் பலர் மூன்று நிலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, நோய் கண்டவர். இவருக்கு வெளியே போக்குவரத்து அறவே கூடாது. சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிறருக்குத் தொற்றும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மருத்துவர் சொல்லும் நாள்தான் கணக்கு.

இரண்டாவது, நோயாளியோடு பழகியவர். இவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே நோய் இருக்கலாம். கொரோனா காலத்தில் 14 நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னது இதனால்தான். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய அவ்வளவு நாள் வரை ஆகலாம். சின்னம்மைக்கு அது 10 முதல் 21 நாள். முன்பு அம்மை வராதவர்கள் இந்த நாட்களில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், உடல் தளர்ந்த முதியவர்கள் பக்கம் போகவே கூடாது.

மூன்றாவது, நோயும் இல்லை, தொடர்பும் இல்லை. பொதுக் கட்டுப்பாட்டால் தூரப் பயணம் மட்டும் நின்றவர். இவருக்கு அந்நேரத்துச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்தவெளி தடையில்லை. ஆனால் அன்று நம்மில் பலர் இந்த மூன்றாம் நிலையில் இருந்துகொண்டே முதல் நிலைக்காரர் போலக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்திக்குப் பிறகு, தொப்பி போட்டவர் தெருவில் நின்றாலே சிலர் ஒதுங்கிப் போனார்கள். வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீது போடப்பட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறியது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பயந்தே உள்ளே இருந்துவிட்டார்கள். பயம் வேறு, பேணுதல் வேறு. பேணுதலோடு வெளியே வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்க்கம் காட்டிய வழி

நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு ஸர்ஃ என்ற இடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். ஐரோப்பாவில் ரகூசா என்ற துறைமுக நகரம் வெளியூர்க்காரர்களை 30 நாள் ஒதுக்கி வைக்கும் சட்டத்தை 1377-இல்தான் போட்டது. பிறகு வெனிஸ் மொழியில் 40 நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'குவாரன்டைன்' என்ற பெயர் வந்தது.

அதே ஷாம் கொள்ளைநோயின்போது பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், மக்களை ஒரே இடத்தில் கூடியிருக்காமல் மலைகளுக்குப் பிரிந்து செல்லச் சொன்னதாகவும், அதன் பிறகு அல்லாஹ் நோயை நீக்கியதாகவும் வரலாறு சொல்கிறது. விலகியிருப்பது என்றால் அடைபட்டுக் கிடப்பது என்று பொருளில்லை. மூடிய அறையில் ஒருவர் விடும் மூச்சு அங்கேயே தங்கி அடுத்தவரிடம் போகிறது; திறந்தவெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. இன்றைய மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. நோயாளி இருக்கும் அறையிலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பதும் சுன்னத்தே. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சிறு பறவையைப் பற்றி அவனிடமே அன்போடு விசாரித்தார்கள். இவற்றுக்கெல்லாம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாசலுக்குள்ளே இருந்தவை

2020-இல் ரமலான் ஏப்ரல் 25-இல் தொடங்கியது, பள்ளிவாசல் மூடியிருந்தது. நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் பச்சரிசி அந்த ஆண்டு அரிசியாகவே வீடுகளுக்குப் போனது. பல வீடுகளில் அப்போதுதான் பிள்ளைகள் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். அத்தா இமாமாக நிற்க, அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் நின்று தராவீஹ் தொழுதார்கள். மே 25 பெருநாளும் வீட்டோடுதான். என் மகள் இன்றும் சொல்வாள், தன் நினைவில் நிற்கும் பெருநாள் அதுதான் என்று.

ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை காலை பகுதி சூரிய கிரகணம். வீட்டிலேயே கிரகணத் தொழுகை தொழுதோம். பிறகு பிள்ளைகள் சமையலறைச் சல்லடையை எடுத்து வெயிலில் பிடித்தார்கள். தரையில் விழுந்த ஒவ்வொரு ஒளிப்பொட்டும் ஓரம் கடித்த அப்பளம் போல இருந்தது. வேப்பமர நிழலுக்குக் கீழேயும் அதே வடிவங்கள். சூரியனை நேராகப் பார்க்காமல் இப்படி நிழலில் பார்ப்பதே கண்ணுக்குப் பாதுகாப்பு.

மொட்டைமாடி இருந்தால் மஃரிபுக்குப் பின் பிறை தேடலாம். திண்ணை இருந்தால் பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம். பந்தயம் மட்டும் வேண்டாம். நன்னியிடம் அவர் சிறுவயதுக் கதையைக் கேட்டுப் பேரப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். முதியவருக்கும் பொழுது போகும், குடும்ப வரலாறும் மிஞ்சும்.

வாசலுக்கு வெளியே, ஊருக்கு உள்ளே

அந்த ஜூன் மாதம் பேருந்து விட்டபோது தமிழகத்தை மண்டலங்களாகப் பிரித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை ஒரு மண்டலம். பக்கத்து மாவட்டங்களான சேலமும் திருவண்ணாமலையும் வேறு மண்டலங்கள். இ-பாஸ் இல்லாமல் போக முடியாது. ஒகேனக்கல் மூடியிருந்தது. ஜூலையில் எல்லா ஞாயிறும் முழு ஊரடங்கு. பெரிய பயணம் என்ற பேச்சே இல்லை.

அப்போதுதான் நம் கண்ணெதிரே இருந்த மலையை நாம் பார்த்தோம். அஸருக்குப் பிறகு ஒரு குடும்பமாக வயல் வரப்பில் நடந்தால், வெயில் இறங்க இறங்கத் தீர்த்தமலையின் பாறை நிறம் மாறுவதைப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். மரவள்ளித் தோட்டம், மஞ்சள் காடு, புளியமரம் எது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கோடையானால் நுங்கு, மாங்காய். மற்ற நாளில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு சொம்பு தண்ணீரும். உட்கார்ந்து சாப்பிட ஒரு பாய். இதைவிட நல்ல உல்லாசப் பயணம் எது?

சில விஷயங்களில் கவனம் வேண்டும். பல குடும்பங்கள் சேர்ந்து கிளம்பினால் அது கூட்டம். ஒரு குடும்பம் மட்டும் போகட்டும். பிறர் தோட்டத்தில் கேட்காமல் எதையும் பறிக்க வேண்டாம். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் தின்பண்டப் பையைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். தென்பெண்ணையில் தண்ணீர் வரும் நாட்களில் கரையோடு நில்லுங்கள். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. நீந்தத் தெரிந்த பெரியவர் இல்லாமல் இளைஞர்களை ஆற்றுக்கு அனுப்பவே வேண்டாம்.

இன்னொன்றை ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் வீட்டில் இருந்த அந்த நாட்களில் மூன்று வேளைச் சமையலும் பாத்திரமும் பெண்கள் தலையில்தான் விழுந்தன. நானும் அதில் குற்றவாளி. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை மிம்பரில் கேட்கிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம். மாலை நடைக்குப் போகும்போது வீட்டுப் பெண்களையும் கூட்டிப்போங்கள். இரவுப் பாத்திரத்தை அன்று நீங்கள் கழுவுங்கள்.

சின்னம்மை கண்ட வீட்டுத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: பொருக்குத் தட்டும் வரை நோயுற்ற பிள்ளை அறையிலேயே இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஜன்னலுக்கு வெளியே நின்று அண்ணன் கதை படிக்கட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லாத பிள்ளைகளை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர்கள் அத்தா கொல்லைப்பக்கம் வரப்பு வரை கூட்டிப்போகட்டும். ஒரு வாரம் கழித்துப் போனேன். "பெரியவன் போனை மறந்துட்டான்னு சொல்ல மாட்டேன் பாய். ஆனா சாயங்காலம் ஆனா செருப்பைத் தேடுறான்" என்றார்.

இப்படி வீட்டோடு இருக்க நேர்ந்த குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். மளிகைச் சாமான்களோடு பிள்ளைகளுக்குச் சில கதைப் புத்தகங்களும் ஒரு பல்லாங்குழியும் சேர்த்து அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபா தருவானாக. நம் வீடுகளில் அமைதியையும் மகிழ்ச்சியையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்