உடலின் ஓயாத காவல்

காலை சபைகூடல் நடந்துகொண்டிருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. திடலில் நெடுநேரம் அசையாமல் நின்ற மாணவர் ஒருவர் முகம் வெளிறிக் கீழே சாய்கிறார். அவரை நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தியதும் விரைவிலேயே கண் விழிக்கிறார். பள்ளிகளில் அவ்வப்போது நிகழும் இம்மயக்கத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இதயம் உந்தித் தள்ளும் இரத்தம், தமனிகளின் சுவரை அழுத்தும் விசையே இரத்த அழுத்தம் எனப்படும். நலமாக உள்ள பெரியவருக்கு ஓய்வு நிலையில் இஃது ஏறத்தாழ 120/80 என்ற அளவில் இருக்கும். முதல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தத்தையும் இரண்டாம் எண் அது விரியும்போது உள்ள அழுத்தத்தையும் குறிக்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால் மூளைக்குப் போதிய இரத்தம் கிட்டாது. நீண்ட காலம் மிகுந்திருந்தால் இரத்தக் குழாய்கள் பழுதடையும். எனவே, உடல் இதனை இரவும் பகலும் கண்காணிக்கிறது.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றவுடன், புவியீர்ப்பு விசையால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. அழுத்தம் குறைகிறது. கழுத்தின் இருபுறத் தமனிகளிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணரிகள் இதனை உடனே அறிந்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளத்தின் கட்டளையால் இதயம் விரைந்து துடிக்கிறது; சிறு தமனிகள் சுருங்குகின்றன. சில வினாடிகளில் அழுத்தம் சீராகிறது.

இந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. வெயிலில் நிற்கும்போது உடலைக் குளிர்விக்கத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கால்கள் அசையாததால் கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைய, மயக்கம் ஏற்படுகிறது. படுத்ததும் இரத்தம் எளிதாக மூளையை அடைகிறது. நெடுநேரம் நிற்பவர்கள் குதிகால்களை அவ்வப்போது உயர்த்தித் தாழ்த்தினால் இந்நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நரம்புகள் விரைவாகச் செயல்படும் காவலர்கள் என்றால், சிறுநீரகங்கள் நிதானமான காவலர்கள். அழுத்தம் குறையும்போது அவை ரெனின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. அதன் தொடர்விளைவாக இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; உப்பும் நீரும் உடலிலேயே தக்கவைக்கப்படுகின்றன. அழுத்தம் மிகுந்தால், சிறுநீரகங்கள் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. உணவில் உப்பு மிகும்போது இப்பணி கடினமாகிறது. அதனால்தான், பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

இருப்பினும், காவலர்களிடமும் ஒரு குறை உண்டு. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், உணரிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. உயர்ந்த அளவையே இயல்பான அளவாகக் கருதி, அதைக் காக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலோருக்கு வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. இதற்கிடையே இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவை மெல்ல மெல்லப் பாதிக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது.

உணரிகள் அறிவிக்கத் தவறுவதைக் கருவி காட்டிவிடும். கையில் பட்டையைச் சுற்றி அளக்க ஓரிரு நிமிடங்களே போதும். வீட்டிலுள்ள பெரியவர்கள், “எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்,” என்று சொன்னாலும், அவர்களைக் குறித்த காலத்தில் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமையாகும்.