இருபது ஆட்டங்களில் எட்டு வெற்றி

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில், தொடக்கப்பள்ளிகளுக்கிடையே நடந்த சதுரங்கப் போட்டி ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். என் மகள் படிக்கும் பெண்கள் பள்ளியின் அணி முதன்முறையாக அதில் கலந்துகொண்டது. அணியில் நான்கு சிறுமியர். மூவர் ஐந்தாம் வகுப்பு. ஒருத்தி மூன்றாம் வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. எதிரே வந்த ஐந்து அணிகளும் பையன்களின் அணிகள்.

அணிப் போட்டியின் முறை எளியது. ஒரே நேரத்தில் நான்கு பலகைகளில் ஆட்டம் நடக்கும். வென்றால் ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப் புள்ளி. நான்கு பலகைகளின் புள்ளிகளையும் கூட்டினால் அந்தச் சுற்றின் முடிவு கிடைக்கும். நம் சிறுமியர் முதல் மூன்று சுற்றுகளிலும் 1–3 என்று தோற்றார்கள். நான்காம் சுற்று 2–2. ஐந்தாம் சுற்றில் 3–1 என்று வென்றார்கள். சமநிலை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஆக, 20 ஆட்டங்களில் 8 வெற்றி, 12 தோல்வி.

திரும்பும் வழியில், பள்ளியின் பொறுப்பில் உள்ள பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இந்த விளையாட்டு வராது சார். பஸ் செலவுதான் மிச்சம். அடுத்த வருஷம் அனுப்ப வேண்டாம்னு இருக்கேன்.”

அவர் கெட்ட மனிதர் அல்லர். கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவு செய்தார். ஆனால் கண்ணால் கண்டது அந்த முடிவைத் தாங்குமா? வாசகர்களே, இதை நாம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பூவா, தலையா?

ஒரு நாணயத்தை 20 முறை சுண்டுங்கள். நேர்மையான நாணயம்தான், பூவுக்கும் தலைக்கும் சம வாய்ப்பு. ஆயினும் ஒவ்வொரு தடவையும் சரியாக 10 பூ விழுமா? விழாது. 20 சுண்டுகளில் மொத்தம் 10,48,576 விதமான வரிசைகள் வரக்கூடும். அவற்றுள் 8 அல்லது அதற்கும் குறைவான பூ உள்ள வரிசைகள் 2,63,950. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இதன் பொருள் என்ன? நம் சிறுமியர் எதிரணியினருக்கு எள்ளளவும் குறையாத திறமை உடையவர்களாகவே இருந்தாலும், இப்படிப்பட்ட நான்கு போட்டிகளில் ஒன்றில் 8 புள்ளியோ அதற்குக் குறைவாகவோதான் பெறுவார்கள். நாணயம் செய்கிற காரியத்தைச் சிறுமியர் செய்தால் மட்டும் ‘வராது’ என்று தீர்ப்பு எழுதலாமா?

இந்தக் கணக்கு அவர்கள் சமமானவர்கள் என்றும் நிரூபிக்கவில்லை. இதை மறந்துவிடக் கூடாது. 20 ஆட்டங்கள் போதாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே தடவை அளந்து விடை எழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. அதே நியாயந்தான் இங்கும். 100 ஆட்டங்கள் ஆடி 40-க்கு மேல் பெறவில்லை என்றால், அது தற்செயலாக நிகழ 100-க்கு மூன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அப்போது எதிரணிகள் வலியவை என்று நம்பலாம். ஆனால் 100 ஆட்டம் ஆட, ஐந்து போட்டிகளுக்கு அனுப்ப வேண்டுமே!

இயற்பியல் ஆசிரியர் தந்த அளவுகோல்

சரி, எதிரணிகள் உண்மையிலேயே வலியவை என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வலியவை? இதை அளக்கும் முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அவருடைய முறையை ஏற்றது. அவர் அளித்த எண்ணைத்தான் இன்று ஆட்டக்காரர்கள் ‘ரேட்டிங்’ என்கிறார்கள்.

ஒருவரது ஆட்டம் இன்றுபோல் நாளை இராது. ஒரு சராசரியைச் சுற்றி ஏறியும் இறங்கியும் வரும் என்பது ஈலோவின் அடிப்படைக் கருத்து. இருவரின் ரேட்டிங் சமமானால் ஆளுக்குப் பாதிப் புள்ளிகள். 100 அதிகம் உள்ளவர் நூற்றுக்குச் சுமார் 64 புள்ளிகள் எதிர்பார்க்கலாம். 200 அதிகமானால் 76. நம் சிறுமியர் பெற்றது நூற்றுக்கு 40. ஈலோவின் அளவுகோலில் இது சுமார் 70 புள்ளிகள் பின்தங்கிய நிலை. ஒழுங்காகப் பயிலும் குழந்தை சில மாதங்களிலேயே கடந்துவிடக்கூடிய தூரந்தான் இது.

நூறு சீட்டுகள்

“அப்படியானால் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் பெண்கள் ஏன் இத்தனை குறைவு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன்.

100 சீட்டுகளில் 1 முதல் 100 வரை எழுதிக் குலுக்குங்கள். பார்க்காமல் 10 சீட்டுகளை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மீதி 90-ஐ வேறொரு கிண்ணத்தில் போடுங்கள். சிறு கிண்ணம் பெண்கள், பெரிய கிண்ணம் ஆண்கள் என்க. சீட்டில் உள்ள எண் ஆட்டத்திறன். யாருக்கும் சலுகை இல்லை; இரு கிண்ணங்களிலும் எதிர்பார்க்கும் சராசரி ஒன்றே.

இப்போது இரண்டிலும் உள்ள மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். பலமுறை செய்தால், சிறு கிண்ணத்தின் பெரிய எண் சராசரியாக 92-ஐ ஒட்டி வரும். பெரிய கிண்ணத்தினுடையது ஏறக்குறைய 100. அது மட்டுமல்ல. 97, 98, 99, 100 ஆகிய நான்கு சீட்டுகளும், அதாவது ஓர் அணி முழுவதுமே, பெரிய கிண்ணத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 65. திறமையில் வேறுபாடே இல்லாதபோதும், மூன்றில் இரண்டு தடவை முதல் நால்வரும் ஆண்களே! ஆட வருபவர்கள் குறைவு என்பதே காரணம்.

ஜெர்மனியின் ஆட்டக்காரர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதே கருத்தைச் சொன்னது. அங்கே ஒரு பெண்ணுக்குப் பதினாறு ஆண்கள் ஆடினர். முதல் நூறு ஆண்களுக்கும் முதல் நூறு பெண்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை இந்த எண்ணிக்கையே விளக்கிவிடுகிறது என்றனர் ஆய்வாளர்கள். அவர்களுடைய கணக்கு முறையைக் குறை கூறியவர்களும் உண்டு. எண்ணிக்கையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காமல் உச்சியை மட்டும் பார்த்துப் பேசுவது பிழை என்பதில் ஐயமில்லை.

மூன்று சகோதரிகள்

‘வராது’ என்ற சொல்லை உடைக்க ஓர் எதிர்ச்சான்று போதும். 1988-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் நடந்த ஒலிம்பியாடுக்கு ஹங்கேரியின் மகளிர் அணி வந்தது. அதில் நால்வர். அவர்களுள் மூவர் உடன்பிறந்த சகோதரிகள்: சூசன் போல்கார் (19 வயது), சோஃபியா (14), யூதித் (12). நான்காமவர் இல்டிகோ மாடில். அதுவரை தான் கலந்துகொண்ட மகளிர் ஒலிம்பியாடுகள் அனைத்தையும் வென்றிருந்த சோவியத் அணியை அவர்கள் முந்தினார்கள். பன்னிரண்டு வயது யூதித் 13 ஆட்டங்களில் பன்னிரண்டரைப் புள்ளி பெற்றாள். 1991-இல், பதினைந்து வயதில், அதுவரை எந்த ஆணும் அடையாத இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனாள்.

திறமை பயிற்சியால் வளர்வது என்று நம்பிய பெற்றோர், அச்சகோதரிகளைச் சிறுவயது முதல் வீட்டிலேயே பழக்கினர். ஒரு குடும்பத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் பழக்கத்தின் வலிமைக்கு வேறு சான்றும் உண்டு. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுநிலையைச் சில விநாடிகள் காட்டி மறைத்தனர். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திரும்ப வைத்தார். புதியவரால் சிலவற்றையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டியபோதோ தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது! ஆக, அவரிடம் இருந்தது தனிப்பட்ட நினைவாற்றல் அன்று. ஆடி ஆடிச் சேர்த்த காய் அமைப்புகளின் அறிமுகம்.

நம் நாட்டிலும் கதவு எளிதில் திறக்கவில்லை. 1976-இல் ரோகிணி காடில்கர் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆடியபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பதற்காக விலக்கக் கூடாது என்று உலகக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய வைஷாலி நம் சென்னைப் பெண், கிராண்ட்மாஸ்டர்.

கணக்கு சொல்லும் வழி

மறுவாரம் அந்தப் பெரியவரைச் சந்தித்து ஒரு ரூபாய் நாணயத்தையும் காகிதத்தையும் நீட்டினேன். இருபது சுண்டுகளை ஒரு வரிசையாக வைத்து, எட்டு வரிசைகள் பொறுமையாகச் சுண்டினார். மூன்று வரிசைகளில் பூ எட்டைத் தாண்டவில்லை. சிறிது நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி சார், இன்னொரு வருஷம் பார்ப்போம்” என்றார்.

“ஒரு வருஷம் போதாது ஐயா, நான்கு பேரும் போதாது” என்றேன். சிறு கிண்ணத்தில் சீட்டுகளைக் கூட்டினால்தானே பெரிய எண் கிடைக்கும்! இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பள்ளியின் வராந்தாவில் பதினெட்டுச் சிறுமியர் ஆடுகிறார்கள். பலகைகள் ஆறுதான், மற்றவர்கள் சுற்றி நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். கால் எட்டாத அந்தச் சிறுமி, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் குதிரை எப்படித் தாவும் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை சிறுமியர் ஆடுகிறார்கள்? எண்ணிப் பாருங்கள்.